தலை விழுந்தது, ஆட்டம் முடிந்தது

2022 ஜனவரி 23, கான்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானம். அமெரிக்கக் கால்பந்தின் பிளே-ஆஃப் சுற்று. வழக்கமான நேரத்தின் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து 25 புள்ளிகள் குவித்திருந்தன. பஃபலோ பில்ஸ் அணி மூன்று புள்ளி முன்னிலை பெற்றபோது கடிகாரத்தில் மிச்சமிருந்தது 13 விநாடி. அதற்குள் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் இரண்டே எறிதல்களில் 44 யார்டு முன்னேறி, ஃபீல்ட் கோல் அடித்து, 36-36 என்று சமன் செய்துவிட்டது.

கூடுதல் நேரத்துக்காக நடுவர் காசைச் சுண்டினார். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக், பில்ஸுக்கு ஜாஷ் ஆலன்; அவர் பூ கேட்டார். விழுந்தது தலை. சீஃப்ஸ் பந்தை வாங்கியது. பேட்ரிக் மஹோம்ஸ் 75 யார்டு அணியை நடத்திச் சென்று டிராவிஸ் கெல்சிக்கு எறிந்த பந்தில் டச் டவுன். 42-36, ஆட்டம் முடிந்தது. அன்றிரவு நான்கு டச் டவுன் எறிந்திருந்த ஆலனின் கைக்குக் கூடுதல் நேரத்தில் பந்து வரவே இல்லை.

அப்போதைய விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் ஒரு காசு எவ்வளவு தூரம் ஆட்டத்தை முடிவு செய்யலாம்? அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது. ஒவ்வொரு முறை விதியைத் திருத்தும்போதும் சாதகம் ஒழிவதில்லை, இடம் மாறிப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் இதிலுள்ள கணக்கின் சுவாரசியம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக அடிப்படை. மைதானம் 100 யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் பந்தை உதைத்து ஒரு புள்ளி சேர்க்கலாம், அல்லது துணிந்து இன்னொரு முறை எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் இரண்டு புள்ளிக்கு முயலலாம். எல்லை வரை போக முடியாவிட்டால் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். அது ஃபீல்ட் கோல், 3 புள்ளி. மூன்று முயற்சிகளில் 10 யார்டு தேறாவிட்டால் பெரும்பாலான அணிகள் நான்காவதில் வம்பு வேண்டாமென்று பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்து அனுப்பிவிடும்.

கிரிக்கெட்டில் இரு அணிக்கும் பேட்டிங் உண்டு. இங்கே பந்து ஒருவரிடம் இருந்தால் மற்றவரிடம் இல்லை. சிக்கல் அத்தனையும் இதிலிருந்துதான்.

1974இல் என்எஃப்எல் தன் வழக்கமான லீக் ஆட்டங்களுக்கும் கூடுதல் நேரத்தைக் கொண்டுவந்தது. விதி எளிமையானது: யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. நாக் அவுட் ஆட்டங்களில் இந்த முறை ஏற்கெனவே இருந்தது. 1958 டிசம்பரில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸை 23-17 என்று வென்ற இறுதி ஆட்டம் அப்படி முடிந்ததுதான். தொலைக்காட்சியில் இந்த விளையாட்டு கொடிகட்டிப் பறக்கத் தொடங்கியதற்கு அந்த ஒரு மாலையைக் காரணம் சொல்பவர்கள் இன்றும் உண்டு. பரபரப்பு என்று பார்த்தால் இதை மிஞ்ச விதியே கிடையாது. எந்த நொடியும் கடைசி நொடியாகலாம்.

நியாயம் என்று பார்த்தால்?

பந்து கையில் வரும் ஒவ்வொரு தடவையும் புள்ளி எடுக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலில் பந்து பெறும் அணி மூன்றில் ஒரு தடவை அங்கேயே வென்றுவிடும். மீதி மூன்றில் இரண்டு தடவை பந்து எதிரணிக்குப் போகும். அப்போது எதிரணி, முதல் அணி இருந்த அதே இடத்தில் இருக்கும். முதலில் பந்து பெறுபவரின் மொத்த வெற்றி வாய்ப்பை x என்றால், x = 1/3 + 2/3 × (1 − x). விடை 3/5. அதாவது 60 சதவீதம். திறமையில் இம்மியும் வேறுபாடில்லாத இரண்டு அணிகளில் ஒன்றுக்கு, காசு விழுந்த விதத்தால் மட்டும் 60க்கு 40.

புள்ளி எடுக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான் என்றால் இதே கணக்கு சுமார் 56 சதவீதம் காட்டும். புள்ளி எடுப்பது எளிதாக எளிதாக, முதலில் ஆடுபவரின் சாதகம் ஊதிப் பெருகும். நிஜத்தில் நடந்ததும் அதுவே. முதல் இருபது ஆண்டுகளில் டாஸ் வென்றவர்களும் தோற்றவர்களும் ஏறத்தாழ சரிபாதி வென்றார்கள். 1994இல் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் உதையை 35ஆவது யார்டிலிருந்து 30க்குப் பின்தள்ளினார்கள். பந்தைப் பெறும் அணிக்கு ஐந்து யார்டு இனாம். போதாக்குறைக்கு, உதைப்பவர்களின் குறியும் ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகிக்கொண்டே வந்தது. தன் பக்கத்து 30ஆவது யார்டில் தொடங்கும் அணி வெறும் 35 யார்டு நகர்ந்தால் போதும், நல்ல உதைப்பாளருக்கு எட்டும் தூரம் வந்துவிடும். மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கை நடந்துவிட்டு ஆட்டத்தையே முடிக்கலாம். 1994 முதல் 2009 வரை டாஸ் வென்ற அணிகள் வென்றது ஏறத்தாழ 60 சதவீதம். மேலே போட்ட துண்டுக் கணக்கு களநிலையையும் கடிகாரத்தையும் கண்டுகொள்ளாதது. ஆனாலும் இவ்வளவு நெருங்கிவிட்டது.

2010 ஜனவரியில் அரையிறுதிக்கு ஈடான ஆட்டம் ஒன்றில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் இப்படித்தான் மினசோட்டா வைக்கிங்ஸை 31-28 என்று வென்றது: டாஸ், சில முயற்சிகள், 40 யார்டு ஃபீல்ட் கோல். வைக்கிங்ஸின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் கூடுதல் நேரம் முழுக்க ஓரத்தில் நின்று பார்த்தார். இரண்டு மாதத்தில் விதி மாறியது. முதல் அணி ஃபீல்ட் கோல் மட்டும் அடித்தால் எதிரணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. டச் டவுன் அடித்தால் மட்டுமே ஆட்டம் அங்கேயே முடியும். அணி உரிமையாளர்கள் வாக்களித்ததில் 28க்கு 4. எதிர்த்த நான்கில் ஒன்று வைக்கிங்ஸ்! பாதிக்கப்பட்டவரே வேண்டாமென்ற சீர்திருத்தம்.

அந்தத் திருத்தம் எவ்வளவு தூரம் குணப்படுத்தியது? ஒவ்வொரு தடவையும் டச் டவுனுக்கு 20 சதவீதம், ஃபீல்ட் கோலுக்கு 15 சதவீதம் என்று வைத்து அதே முறையில் கணக்கிட்டால், முதலில் பந்து பெறுபவரின் வெற்றி வாய்ப்பு சுமார் 57 சதவீதம் வருகிறது. பழைய விதியில் இதே எண்களுக்கு 61 வரை வரும். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. பிளே-ஆஃப் வரை வரும் அணிகள் டச் டவுன் அடிப்பதில் சராசரியை விடக் கெட்டிக்காரர்கள். ஆக, விதி எந்த ஓட்டையை விட்டுவைத்ததோ அதற்குள் நுழையத் தெரிந்தவர்களே அங்கே இருந்தார்கள்.

புதிய விதியின் கீழ் நடந்த முதல் பிளே-ஆஃப் ஆட்டமே, 2012 ஜனவரியில், முதல் எறிதலிலேயே 80 யார்டு டச் டவுனோடு முடிந்தது. டென்வரின் டிம் டீபோ எறிந்தார், டெமேரியஸ் தாமஸ் ஓடினார், எடுத்துக்கொண்ட நேரம் 11 விநாடி. 2017இல் 28-3 என்று பின்தங்கியிருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், மீண்டு வந்து அட்லாண்டாவை 34-28 என்று வீழ்த்திய சூப்பர் பௌல் என்ற லீக்கின் இறுதி ஆட்டத்திலும் அட்லாண்டாவுக்குக் கூடுதல் நேரத்தில் பந்து கிடைக்கவில்லை. 2019இல் அதே பேட்ரியட்ஸிடம் சீஃப்ஸுக்கும் அதே கதி. நொந்துபோன சீஃப்ஸ் விதியை மாற்றச் சொல்லி முன்மொழிந்தது, யாரும் காதில் வாங்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து அந்த மாறாத விதியால் பில்ஸை வென்றதும் அவர்கள்தான்.

அந்த ஆட்டத்தோடு சேர்த்து, 2010 விதியின் கீழ் கூடுதல் நேரம் கண்ட பிளே-ஆஃப் ஆட்டங்கள் 12. டாஸ் வென்றவர் வென்றது 10. இதில் ஏழு, முதல் வாய்ப்பிலேயே அடித்த டச் டவுனால். 12 என்பது சின்ன எண்ணிக்கைதான். தற்செயலாகவும் அமையலாம் என்று வாதிடலாம். சரிசமமான காசை 12 முறை சுண்டி பத்தோ அதற்கு மேலோ தலை விழ எவ்வளவு வாய்ப்பு? 4096இல் 79. இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. தற்செயல் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

2022 மார்ச்சில் 29க்கு 3 என்ற வாக்கில் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கு விதி மாறியது: முதல் அணி டச் டவுன் அடித்தாலும் எதிரணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அதன்பின்னும் சமன் என்றால், அடுத்த புள்ளி எடுப்பவர் வெற்றியாளர்.

சரி, இப்போது டாஸ் வென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் ஆடுவதா, இரண்டாவதாகவா? 2024 பிப்ரவரியில் லாஸ் வேகஸ் சூப்பர் பௌலில் இந்தக் கேள்வி பயிற்சியாளர் கைல் ஷானஹன் முன்னால் வந்து நின்றது. அவருடைய சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் டாஸ் வென்று பந்தைக் கேட்டது. அவர் சொன்ன காரணம், மூன்றாவது வாய்ப்பு. இருவரும் ஆளுக்கு ஒருமுறை ஆடிச் சமன் ஆனால், மூன்றாவதாகப் பந்து முதல் அணிக்குத்தான் வரும். அப்போது பழைய 60க்கு 40 சாதகம் அவர் பக்கம்.

நல்ல வாதம்தான். ஆனால் எதிர்ப்பக்கத் தட்டில் இருப்பது தகவல். 49அர்ஸ் எதிரணியின் 9ஆவது யார்டு வரை போய், நான்காவது முயற்சியில் 4 யார்டு தேவை என்ற நிலையில் ஃபீல்ட் கோலோடு நின்றுகொண்டது. எதிரணி என்ன எடுக்கப் போகிறது என்று தெரியாதபோது கைக்குக் கிடைத்த மூன்றை யார் விடுவார்கள்? சீஃப்ஸுக்கோ எல்லாம் தெரியும். தன் பக்கத்து 34ஆவது யார்டிலேயே நான்காவது முயற்சி வந்து நின்றது, 1 யார்டு தேவை. வேறு நேரமாக இருந்தால் பந்தை உதைத்து அனுப்புவது பற்றி யோசித்திருப்பார்கள். இங்கே அனுப்பினால் தோல்வி. எனவே யோசிக்கவே ஒன்றுமில்லை. மஹோம்ஸ் தானே பந்தோடு ஓடி 8 யார்டு எடுத்தார். கடைசியில் மெகோல் ஹார்ட்மனுக்கு 3 யார்டு எறிதல், 25-22. இரண்டாவதாக ஆடுபவருக்கு நடைமுறையில் மூன்றல்ல, நான்கு முயற்சிகள்.

ஷானஹனின் மூன்றாவது வாய்ப்புக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இருவருமே டச் டவுன் அடித்து, முதல் அணி ஒரு புள்ளி உதைத்திருந்தால், இரண்டாவது அணி அதையே உதைத்துச் சமன் செய்யத் தேவையில்லை. சமன் செய்தால் பந்து எதிரணிக்குப் போகும், தன் வெற்றி வாய்ப்பு 40 சதவீதம். இரண்டு புள்ளிக்கு முயன்றால் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. எது லாபம் என்று சொல்லவேண்டியதில்லை. சீஃப்ஸ் அப்படித்தான் திட்டமிட்டிருந்ததாக அதன் வீரர் கிறிஸ் ஜோன்ஸ் பிறகு சொன்னார். 49அர்ஸ் வீரர்கள் சிலருக்கோ விதி மாறியதே தெரியாதாம். அதை அவர்களே ஆட்டம் முடிந்தபின் ஒப்புக்கொண்டார்கள். எனக்கென்னவோ அந்த நிலையில் இரண்டாவதாக ஆடுவதே மேல் என்று தோன்றுகிறது, ஆனால் வித்தியாசம் மயிரிழைதான். எதைத் தேர்ந்தெடுப்பது என்று பயிற்சியாளர்களே அடித்துக்கொள்கிறார்கள் என்பது விதிக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்.

கல்லூரி ஆட்டங்களில் வேறு வழி. 1996 முதல் எதிரணியின் 25ஆவது யார்டில் பந்தை வைத்து ஆளுக்கு ஒரு வாய்ப்பு. தகவல் எவ்வளவு மதிப்புள்ளது என்பது அங்கே வெளிச்சம்: டாஸ் வெல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதாக ஆடுவதையே கேட்கிறார்கள். நியாயமானதுதான், ஆனால் முடிய மாட்டேன் என்கிறது. 2018இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், எல்எஸ்யூவை ஏழு கூடுதல் சுற்றுகளுக்குப் பின் 74-72 என்று வென்றது. வீரர்கள் துவண்டு போனார்கள். இப்போது மூன்றாவது சுற்றிலிருந்து மாறி மாறி இரண்டு புள்ளி முயற்சி மட்டும். அதிலும் 2021இல் இல்லினாய், பென் ஸ்டேட் ஆட்டம் ஒன்பது சுற்று இழுத்தது. முடிவு 20-18. அதைக் கால்பந்து என்று சொல்ல மனம் வரவில்லை.

டாஸின் சாதகத்தை உண்மையிலேயே துடைத்தெறிய ஒரு வழி இருக்கிறது, அது நம் வீடுகளில் பழகியதுதான். ஒரு மைசூர்பாகை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிட, ஒருவன் வெட்டுவான், மற்றவன் எடுப்பான். வெட்டுபவன் தன்னையறியாமல் சரிபாதியாக வெட்டுவான். 2021இல் பால்டிமோர் ரேவன்ஸ் இதையே முன்மொழிந்தது: ஓர் அணி பந்தை எந்த யார்டில் வைப்பது என்று சொல்லட்டும், மற்ற அணி அங்கிருந்து தாக்குவதா, தடுப்பதா என்று தேர்ந்தெடுக்கட்டும். தாக்கும் அணியின் பக்கத்து 20ஆவது யார்டு என்று தாராளமாகச் சொன்னால் எதிரணி பந்தை எடுத்துக்கொள்ளும். 3ஆவது யார்டு என்று கஞ்சத்தனமாகச் சொன்னால், நீயே ஆடு என்று தள்ளிவிடும். அதற்கும் முன்பே, 2008இல், யோன்-கூ சே, டெரன்ஸ் ஹென்டர்ஷாட் என்ற பொருளியலாளர்கள் ஏலம் விடலாம் என்று எழுதினார்கள்: உன் எல்லைக்கு எவ்வளவு அருகில் தொடங்கச் சம்மதிக்கிறாய்? அதிகம் விட்டுக்கொடுப்பவருக்குப் பந்து.

இதில் பரபரப்புக்கும் குறைவில்லை. பயிற்சியாளர் 13 என்று சொல்வாரா, 14 என்று சொல்வாரா என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். என்றாலும் ரேவன்ஸ் யோசனை எடுபடவில்லை.

அதற்குப் பதிலாக, 2025 முதல் லீக் ஆட்டங்களிலும் இரு அணிக்கும் ஒரு வாய்ப்பு உறுதி என்றாகிவிட்டது. ஆனால் வீரர்களின் உடல்நலம் கருதி 2017இல் 15 நிமிடத்திலிருந்து குறைத்த கூடுதல் நேரம் அதே 10 நிமிடம்தான். இரண்டு அணிகள் நிதானமாக ஆளுக்கு ஒருமுறை ஆடினாலே அது தீர்ந்துவிடும். அந்த ஆண்டு செப்டம்பரில் டல்லஸ் கவ்பாய்ஸ் முதலில் ஃபீல்ட் கோல் அடித்தது, கிரீன் பே பேக்கர்ஸ் நேரம் முடியும் தறுவாயில் பதிலுக்கு அடித்தது, 40-40 என்று டிராவில் கலைந்தார்கள். மூன்றாவது வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரேவன்ஸின் முறையை லீக்கில் நேரடியாக இறக்கத் தயக்கம் என்றால், வெற்றி தோல்வி கணக்கில் சேராத முன்பருவ ஆட்டங்களில் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அந்த ஆட்டங்களில் கூடுதல் நேரத்தையே லீக் நீக்கிவிட்டது, அதுவும் ரேவன்ஸ் முன்மொழிந்த அதே 2021இல்.