பக்கத்து இடத்தில் டேட்டா சென்டர் வரலாமா? முதலில் புல எண்ணைப் பாருங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் டேட்டா சென்டர் ஜன்னல் இல்லாத பெரிய குடோன் போலத்தான் இருக்கும். உள்ளே ஆட்கள் குறைவு. ஆனால் இணையத் தகவல்களைச் சேமித்து அனுப்பும் சர்வர் கணினிகள் இரவு பகலாக ஓடும், அவற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்களும் கூடவே ஓடும். கரண்ட் போனால் வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள். இதை ஆபீஸ் என்பதா, குடோன் என்பதா, தொழிற்சாலை என்பதா? எந்த வகையில் சேர்க்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் எங்கே கட்டலாம் என்பது முடிவாகும்.

நம் ஊரில் இதற்கு அடிப்படை 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். வேலூர் நகரத்துக்கான முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று. நிறத்துக்குப் பொருந்தாத கட்டடம் என்றால் முதலில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். அப்புறம்தான் திட்ட அனுமதி. முழுமைத் திட்டத்துக்கு வெளியே இருக்கும் கிராமத்து நஞ்சை என்றால் வழி வேறு. அங்கே மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை.

நிறம் ஏன் முக்கியம்? சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் உச்சம், தொழில் பகுதியில் 70. இரவெல்லாம் ஓடும் விசிறிச் சத்தத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

தண்ணீர் இன்னொன்று. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையில் தண்ணீர் நிறையப் போகும். காற்றால் குளிர்வித்தால் தண்ணீர் மிச்சம், கரண்ட் கூடும். காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிற ஊரில் எந்த முறை என்று முதலிலேயே கேட்பது நியாயம்தான். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள் வந்தபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்பு சொல்வதற்குள் கிணறுகள் கெட்டுவிட்டிருந்தன.

வெளியூர்களில் என்ன செய்தார்கள்? ஆம்ஸ்டர்டாம் 2019-ல் புதிய டேட்டா சென்டர்களை ஓராண்டு நிறுத்திவைத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லவுடன் என்ற கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) இவை ஏராளம். அங்கே சில மண்டலங்களில் விதிக்கு உட்பட்டிருந்தால் போதும், யாரையும் கேட்காமல் கட்டலாம் என்ற உரிமை இருந்தது. 2025 மார்ச்சில் அதை நீக்கினார்கள். இப்போது புதிய விண்ணப்பம் ஒவ்வொன்றும் பொது விசாரணைக்கு வர வேண்டும்.

இங்கே திட்ட அனுமதி மட்டும் போதாது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். ஜெனரேட்டருக்கும் டீசல் தொட்டிக்கும் தனி விதிகள் உண்டு.

சரி, உங்கள் தெருவை ஒட்டி ஒன்று வருகிறது என்று பேச்சு அடிபட்டால்? நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் புல எண்ணைச் சொல்லி நில உபயோகம் என்ன என்று கேளுங்கள். வாயால் சொல்கிற பதிலை நம்பி வந்துவிடாதீர்கள்; தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தாக வாங்குங்கள். நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபணை கேட்டு நாளிதழில் அறிவிப்பு வந்தால், கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள். "டேட்டா சென்டர் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். சத்தம், தண்ணீர், ஜெனரேட்டர் எத்தனை, வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறிப்பாக எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.