நண்பர்கள் சேர்ந்து செய்த மோட் யாருக்குச் சொந்தம்?

சைபர் கஃபே காலத்தில் கோலாலம்பூரில் வளர்ந்தவர்களுக்குக் கவுண்டர்-ஸ்டிரைக் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டியூஷனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் இன்று பிள்ளை குட்டிக்காரர்கள். அந்த விளையாட்டு முதலில் ஒரு மோட், அதாவது ஏற்கெனவே உள்ள ஒரு விளையாட்டை மாற்றிச் செய்தது. வேறொரு நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டியெழுப்பி, இலவசமாகக் கொடுத்தது. அதே வேலையை இப்போது நம் பிள்ளைகள் செய்கிறார்கள். நான் அறிவுசார் சொத்துரிமை விவகாரங்களைப் பார்க்கும் வழக்கறிஞர். அவர்களில் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் காரியம் கெட்ட பிறகே வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மோட் செய்ய வழி திறந்துவிட்டது விளையாட்டு நிறுவனங்களேதான். 1993 டிசம்பரில் வந்த டூம் என்ற விளையாட்டில், ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வரைபடம் (ஆட்டக்களம்), படம், ஒலி எல்லாவற்றையும் ஆட்டத்தை இயக்கும் நிரலான எஞ்சினிலிருந்து பிரித்து ‘வாட்’ என்ற தனிக் கோப்பில் வைத்தது. கோப்பை மாற்றினால் ஆட்டமே மாறிவிடும். 1996இல் அதே நிறுவனத்தின் குவேக் வந்தபோது, விதிகளையும் மாற்றி எழுதுவதற்குக் குவேக்-சி என்ற நிரல்மொழி கிடைத்தது. அதை வைத்து ஆஸ்திரேலியாவில் ராபின் வாக்கர், ஜான் குக், இயன் காஃலி என்ற மூவர் டீம் ஃபோர்ட்ரஸைச் செய்தார்கள். மருத்துவர், பொறியாளர், உளவாளி என்று ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டு அணியாக ஆடும் மோட் அது. வாக்கரையும் குக்கையும் பிறகு ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் வேலைக்கே எடுத்துக்கொண்டது.

கவுண்டர்-ஸ்டிரைக்கின் கதை இன்னும் வேகமானது. மின் லே கனடாவில் கணினியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஜெஸ் கிளிஃப் என்பவரோடு சேர்ந்து 1999 ஜூனில் முதல் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, வெளியிட்டார். அதில் பிணைக்கைதிகளை மீட்கும் ஆட்டம் மட்டுமே இருந்தது. குண்டு வைப்பதும் அதைச் செயலிழக்கச் செய்வதும் அந்த ஆண்டு நவம்பரில், பீட்டா 4இல்தான் வந்தன. வரைபடங்கள் பல ரசிகர்களின் கையிலிருந்து வந்தவை. புகழ்பெற்ற டஸ்ட் வரைபடத்தைச் செய்த டேவ் ஜான்ஸ்டன் அப்போது இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பையன். அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் மோடின் உரிமையை வாங்கி, லேயையும் கிளிஃபையும் வேலைக்குச் சேர்த்து, 2000 நவம்பரில் அதைக் கடைகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கதை நம் பையன்களுக்கு மனப்பாடம். ஆனால் ‘உரிமையை வாங்கி’ என்ற இடத்தை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒருவர் உரிமையை வாங்க வேண்டுமென்றால், விற்கிறவர் கையில் அது இருக்க வேண்டும் அல்லவா?

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஐந்து இளைஞர்கள். ஒருவன் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான், மூத்தவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நம் ஊர் ஃபிளாட் ஒன்றை அப்படியே களமாக வைத்து ஒரு துப்பாக்கிச் சண்டை மோட் செய்திருந்தார்கள். வெளியே துணி காயும் நடைபாதை, பாதி மாடியில் நின்றுபோகும் லிஃப்ட், கீழே மாமாக் கடை, அதன் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலியைச் சுட்டால் அது துள்ளி விழும். அவ்வளவு அக்கறையான வேலை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு, தனி விளையாட்டாக்கலாமா என்று கேட்டது. உரிமை யாரிடம் இருக்கிறது என்பதற்கு ஆவணம் அனுப்பச் சொன்னது. அப்போதுதான் என்னிடம் வந்தார்கள்.

மடிக்கணினியைத் திறக்கச் சொல்லி, கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஃபிளாட் முழுவதையும் கட்டியவன் சண்டை போட்டுக்கொண்டு குழுவை விட்டுப் போயிருந்தான். அவன் கொடுத்த அனுமதி என்று அவர்களால் காட்ட முடிந்தது டிஸ்கார்டு அரட்டைச் செயலியில் ஒரே ஒரு வரி: “எடுத்துக்கடா, மோட்ல போட்டுக்க.” துப்பாக்கியில் குண்டு நிரப்பும் ஒலி வேறொரு விளையாட்டிலிருந்து எடுத்தது. கோப்பின் பெயரைக்கூட மாற்றவில்லை. இரண்டு துப்பாக்கிகளின் முப்பரிமாண மாடல்கள் எங்கிருந்து வந்தன என்று ஐவரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

“நாங்க காசுக்காகச் செய்யலயே அக்கா” என்றான் மூத்தவன். எனக்கு மிகவும் வேதனை தருவது இந்த நம்பிக்கைதான். இலவசமாகக் கொடுத்தால் சட்டம் கண்டுகொள்ளாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1997இல் ஏலியன்ஸ் படத்தின் உலகத்தைக் குவேக்குக்குள் கொண்டுவந்த ஏலியன்ஸ் குவேக் என்ற மோடும் இலவசம்தான். படத்தின் உரிமையை வைத்திருந்த ஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது, வேலை நின்றது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பாகப் பாதுகாக்கப்படுகிறது. தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய ஒரு வரைபடமோ மாடலோ ஒலியோ அதைச் செய்தவருக்குச் சொந்தம். பதிவு எதுவும் தேவையில்லை, செய்து முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது. கூலி பேசி வெளியாளிடம் செய்யச் சொன்னாலோ, வேலையின் பகுதியாக ஊழியர் செய்தாலோ, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது செய்யச் சொன்னவருக்கு அல்லது முதலாளிக்குப் போகும் என்கிறது 26ஆவது பிரிவு. நட்புக்காகச் சும்மா செய்து கொடுத்தது அப்படித் தானாகப் போய்விடும் என்று நம்பி உட்கார முடியாது. உரிமையை மாற்றித் தருவதோ பயன்படுத்த அனுமதிப்பதோ எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. மின்னணுச் செய்தியும் எழுத்தாகக் கொள்ளப்படலாம், 2006ஆம் ஆண்டு மின்னணு வணிகச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அதனால் அந்த டிஸ்கார்டு வரி ஒன்றுமில்லாதது அல்ல. மோடில் போட்டுக்கொள்ள அனுமதி என்று வாதாடலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்க அனுமதி என்று எந்த நீதிமன்றத்திலும் என்னால் வாதாட முடியாது.

இன்னொன்றும் உண்டு. எஞ்சின் வேறொருவருடையது. மோட் என்பது பிறர் நிலத்தில் அவர் அனுமதியோடு கட்டிய வீடு. விளையாட்டோடு வரும் உரிம ஒப்பந்தம் பொதுவாக இலவச மோடை அனுமதிக்கும், விற்பனையை அனுமதிக்காது. ரெட் ஆர்கெஸ்ட்ரா என்ற மோடைச் செய்த குழு இந்தத் தடையைத் தாண்டிய விதம் எனக்குப் பிடிக்கும். எபிக் நிறுவனம் நடத்திய மோட் போட்டியில் வென்று, அதன் அன்ரியல் எஞ்சினின் வணிக உரிமத்தையே பரிசாகப் பெற்று, டிரிப்வயர் என்று சொந்த நிறுவனம் தொடங்கி, 2006இல் தங்கள் விளையாட்டைத் தாங்களே விற்றார்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது. டெசர்ட் காம்பட் மோடைச் செய்த டிராமா ஸ்டூடியோஸை 2004இல் டைஸ் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே அதை மூடிவிட்டது.

என் ஐவரின் கதையும் நல்லபடியாக முடியவில்லை. ஃபிளாட் கட்டியவன் கையெழுத்துப் போட மறுத்தான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது, வெளியீட்டுப் பக்கத்தில் அவன் பெயரையே போடவில்லை. நிறுவனம் சில வாரம் காத்திருந்துவிட்டுப் பதில் எழுதுவதை நிறுத்திக்கொண்டது.

ஆகவே தம்பி தங்கைகளே, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எந்தக் கோப்பை யார் செய்தார், அதை இலவச வெளியீட்டுக்கு மட்டும் தருகிறாரா விற்பனைக்கும் தருகிறாரா, பாதியில் விலகினால் மற்றவர்கள் தொடரலாமா, பணம் வந்தால் பங்கு என்ன, பெயர் எப்படி வரும். இவ்வளவு போதும், வழக்கறிஞர் வேண்டும் என்பதில்லை. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள், நீங்கள்தான் செய்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. வெளியிலிருந்து எதையாவது எடுத்தால், எடுத்த அன்றே எங்கிருந்து, என்ன நிபந்தனையில் என்று குறித்து வையுங்கள். மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் 2012 முதல் படைப்புகளை விருப்பத்தின் பேரில் அறிவித்து வைக்கலாம். கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் கைகொடுக்கும்.

குழுவில் 18 வயது நிறையாதவர் இருந்தால் பெற்றோரும் கவனிக்க வேண்டும். நம் சட்டப்படி அந்த வயது நிறையாதவர்கள் போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. எனவே அப்பாவோ அம்மாவோ கூட உட்கார்ந்து படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பிள்ளைக்கு 18 ஆனதும் அதே தாளில் அவனையோ அவளையோ புதிதாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.