செலக்டிவ் சர்வீஸ் பதிவு: மகன் இருக்கும் வீடுகளுக்கு

அமெரிக்காவில் குடியேற்றச் சட்ட வழக்கறிஞராக இருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வரும் நம் இளைஞர்களில் பலர் என்-400 படிவத்தின் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் தடையின்றிப் பதில் சொல்லிவிட்டு ஓரிடத்தில் தயங்கி நிற்பார்கள். பதினெட்டு முடிந்து இருபத்தாறு ஆவதற்குள் அமெரிக்காவில் வசித்த ஆணா நீங்கள்? அப்படியானால் செலக்டிவ் சர்வீஸில் என்றைக்குப் பதிவு செய்தீர்கள், பதிவு எண் என்ன? (கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பு என்றாவது வந்தால் அழைப்பதற்காக இளைஞர்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும் அமெரிக்க அரசு அமைப்புதான் செலக்டிவ் சர்வீஸ்.) படித்து, நல்ல வேலையில் இருந்து, ஒழுங்காக வரி கட்டிவரும் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்படி என்றால் என்ன, மேடம்?" என்று கேட்பான். அவனுக்கு வயது இருபத்தேழு ஆகியிருக்கும். இருபத்தாறாம் பிறந்தநாளுக்குப் பிறகு அந்தப் பதிவை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்காக மட்டும் அல்ல. பதினைந்து, பதினாறு வயதில் மகனை வைத்திருக்கும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவர்களிடம்தான் இன்னும் நேரம் இருக்கிறது.

சட்டம் சொல்வது சுருக்கமானது. அமெரிக்கக் குடிமகனான ஒவ்வோர் ஆணும், இங்கே குடியேறி வாழும் ஒவ்வோர் ஆணும் பதினெட்டு வயது நிறைந்த 30 நாளுக்குள் செலக்டிவ் சர்வீஸ் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். தாமதமானாலும் இருபத்தாறு நிறையும் வரை ஏற்றுக்கொள்வார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர், அகதியாக வந்தவர், அடைக்கலம் பெற்றவர், ஆவணமே இல்லாமல் இருப்பவர் என எல்லோரையும் இது கட்டுப்படுத்தும். கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதோ இலங்கைப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதோ விலக்கு ஆகாது. ஒரே மகன் என்பதும் விலக்கு அல்ல. பெண்களுக்கு இந்தக் கடமை இல்லை. ஆண்களை மட்டும் பதிவு செய்யச் சொல்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் தீர்ப்பளித்தது.

பதிவு என்றதும் பல வீடுகளில் ராணுவம் என்றுதான் காதில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடத்தின் நடைவழியில் மேசை போட்டு இதைப் பற்றிப் பேசிவருகிறேன். பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் அம்மாக்கள் முதலில் துண்டுத்தாளை வாங்கிக்கொள்வார்கள். படித்ததும் முகம் மாறிவிடும். "எனக்கு இருப்பது ஒரே பையன், மேடம். பெயரைக் கொடுத்தால் கூப்பிட்டுவிட மாட்டார்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். அந்தப் பயத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். போரைப் பார்த்துவிட்டு வந்த ஈழத்துக் குடும்பங்களிடம் பேசும்போது எனக்கே குரல் தாழ்ந்துவிடும். வீட்டுக்கு ஒருவரைக் கேட்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் படிவத்தை நீட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்த அம்மாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இந்தப் பதிவு படையில் சேர்வது ஆகாது. அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நின்றுவிட்டது. இன்று படையில் இருப்பவர்கள் எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள். பதிவுகூட 1975-இல் நிறுத்தப்பட்டது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு, 1980-இல் அதிபர் கார்ட்டர் அதை மீண்டும் கொண்டுவந்தார். அன்று முதல் இன்றுவரை பெயர்கள் பட்டியலில் ஏறுகின்றன, யாரும் அழைக்கப்படவில்லை. அழைக்க வேண்டும் என்றால் நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்றி, அதிபர் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகும் பிறந்த தேதிகளைக் குலுக்கி எடுத்து, உடல் தகுதி பார்த்து, விலக்குக் கோரிக்கைகளைக் கேட்ட பின்னர்தான் ஒருவர் படைக்குப் போவார். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களும் பதிவு செய்தே ஆக வேண்டும். தங்கள் மறுப்பை அவர்கள் சொல்ல வேண்டிய நேரம் அழைப்பு வரும்போதுதான். கட்டாய ஆள்சேர்ப்பு மீண்டும் வரவே வராது என்று நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. அந்த உறுதியைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பதிவு செய்யாமல் இருப்பது பிள்ளையைக் காப்பாற்றாது. அவனுக்குக் கிடைக்க வேண்டியவற்றைத்தான் தடுக்கும்.

சட்டப் புத்தகத்தில் தண்டனை பெரியது: ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். நடைமுறையில் பல பத்தாண்டுகளாக இதற்காக யாரையும் நீதிமன்றத்துக்கு இழுப்பதில்லை. அதனாலேயே மக்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். உண்மையான இழப்பு வேறு வழியில் வருகிறது: மத்திய அரசு வேலைக்குத் தகுதி போய்விடும். அரசு நிதியில் நடக்கும் தொழிற்பயிற்சித் திட்டங்கள் கைநழுவும். பல மாநிலங்களில் மாநிலக் கல்வி உதவித்தொகையும் மாநில அரசு வேலையும் இதோடு கட்டப்பட்டிருக்கின்றன. குடியேறி வந்தவருக்கு எல்லாவற்றுக்கும் மேலாகக் குடியுரிமை.

நம் வீடுகளில் இது தவறிப்போவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. இங்கேயே பிறந்த பிள்ளைக்குப் பள்ளியில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே பதிவும் சேர்ந்து முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளில் பலரது நிலை அப்படி நேராகப் போவதில்லை. அப்பா எச்-1பி வேலை விசாவில், பிள்ளை அப்பாவைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசாவில். இப்படி முறையான தற்காலிக விசாவில் இருக்கும் வரை அவன் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதினெட்டு வயதில் பள்ளியில் கேட்டபோது, "உனக்கு இது கிடையாது" என்று யாரோ சொன்னது சரியான பதில்தான். அந்தப் பதில் அவன் மனதில் நிலைத்துவிடுகிறது. இருபத்தொன்றில் எச்-4 தகுதி முடிந்து, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறான். அப்போதும் கடமை இல்லை. இருபத்து மூன்றிலோ இருபத்து நான்கிலோ கிரீன் கார்டு வருகிறது. வீட்டில் கொண்டாட்டம். அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்தக் கொண்டாட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளி முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, நினைவூட்ட ஆளில்லை.

உள்நாட்டிலிருந்தே கிரீன் கார்டுக்கு ஐ-485 படிவத்தில் விண்ணப்பிக்கும் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது ஆண்களின் விவரத்தைக் குடிவரவுத் துறை செலக்டிவ் சர்வீஸுக்கு அனுப்புவது உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். பதிவு ஆகியிருக்கிறதா என்பதை செலக்டிவ் சர்வீஸ் இணையதளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்: குடும்பப் பெயர், சமூகப் பாதுகாப்பு எண், பிறந்த தேதி, இந்த மூன்றும் போதும். குடும்பப் பெயர் என்ற இடத்தில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பக்கம், பிள்ளை பெயர் மறுபக்கம். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருந்து, விசாவில் முதல் பெயர் தெரியாது என்பதற்கான மூன்று எழுத்துகள் அச்சாகியிருக்கும். சமூகப் பாதுகாப்பு அட்டையில் வேறு வரிசை. எந்தப் பெயரில் பதிவானதோ அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும். ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் அந்த அமைப்பைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

பதிவு முடிந்ததும் எண் அச்சிட்ட ஓர் அட்டை தபாலில் வரும். கடன் அட்டை விளம்பரங்களோடும் பல்கலைக்கழகக் கையேடுகளோடும் கலந்து வருவதால், பிரிக்காமலேயே குப்பைக்குப் போய்விடும் வீடுகள் உண்டு. அதை எடுத்துப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். முகவரி மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அடிக்கடி வீடு மாறும் நம் குடும்பங்களில் இதை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை.

இப்போது இருபத்தாறு தாண்டியவர்களுக்கு. பதறாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். இரண்டில் எது பெரிய கேடு என்று கேட்டால் பொய்தான். முதலில், உங்களுக்குக் கடமை இருந்ததா என்று பாருங்கள். பதினெட்டிலிருந்து இருபத்தாறு வரை இடைவெளி இல்லாமல் முறையான தற்காலிக விசாவிலேயே இருந்திருந்தால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. ஆனால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. பழைய ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-20 (மாணவர் விசாவுக்கான பள்ளிப் படிவம்), எச்-4 ஒப்புதல் கடிதங்கள், விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நடுவில் விசா காலாவதியாகி 30 நாளுக்கு மேல் போயிருந்தால் அந்தக் காலத்தில் கடமை இருந்தது என்று பொருள்.

கடமை இருந்தும் பதிவு செய்யவில்லை என்றால், உங்கள் வயதைப் பொறுத்து நிலைமை மாறும். இருபத்தாறுக்குள் இருப்பவர் உடனே பதிவு செய்துவிட்டால் விண்ணப்பம் நடக்கும். மறுத்தால் குடியுரிமை கிடைக்காது. இருபத்தாறுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் இருப்பவர், தெரிந்தே வேண்டுமென்று தவிர்க்கவில்லை என்று காட்ட வேண்டும். செலக்டிவ் சர்வீஸுக்கு எழுதி, உங்கள் நிலையைச் சொல்லும் கடிதம் ஒன்றைப் பெறுங்கள். அதோடு ஏன் தெரியாமல் போனது என்று சொந்த வாக்குமூலம் எழுதுங்கள்: எந்த வயதில் வந்தீர்கள், எந்தப் பள்ளியில் படித்தீர்கள், யாராவது சொன்னார்களா, கடிதம் எதுவும் வந்ததா. வேறொருவர் எழுதிய வாக்குமூலத்தைப் பார்த்து எழுதாதீர்கள். அதிகாரி நேர்காணலில் கேட்கும்போது அது நிற்காது. முப்பத்தொன்றைத் தாண்டியவருக்கு, விண்ணப்பத்துக்கு முன் நன்னடத்தை பார்க்கும் ஐந்தாண்டு காலத்துக்கு வெளியே அந்தத் தவறு போய்விடுவதால், பொதுவாக இதனால் மட்டும் விண்ணப்பம் தடைபடாது. அமெரிக்கக் குடிமகளை மணந்து மூன்றாண்டுக் கணக்கில் விண்ணப்பிப்பவருக்குக் கணக்கு வேறுபடும். அவர் வழக்கறிஞரைக் கேட்பதே நல்லது.

பழைய தகவல் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது. மத்திய அரசின் கல்வி உதவிக்கு இந்தப் பதிவு கட்டாயம் என்று 1980-களில் சட்டம் வந்தது உண்மை. 2020-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கல்வி உதவிப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டாலே பதிவு ஆகிவிடும் என்ற வசதியும் அதோடு போயிற்று. அதன் வழியாகத் தாமாகவே பதிவாகிவந்த பிள்ளைகள் இப்போது விடுபட்டுப் போகிறார்கள். நிபந்தனை நீங்கியது நல்லதுதான்; ஆனால் கடமை அப்படியே இருக்கிறது என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2025 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம் (ராணுவத்துக்காக ஆண்டுதோறும் இயற்றும் சட்டம்) இந்த முறையையே மாற்றுகிறது. சட்டம் வந்த ஓராண்டில், மத்திய அரசின் தரவுகளை வைத்து செலக்டிவ் சர்வீஸே தானாகப் பதிவு செய்யும் முறை நடைமுறைக்கு வர வேண்டும். "அப்படியென்றால் நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டாமே?" என்று இப்போதே கேட்கிறார்கள். வேண்டும் என்பது என் கருத்து. அரசின் தரவுகளில் நம் பெயர்கள் எத்தனை விதமாகக் கிடக்கின்றன என்பதை மேலே சொன்னேன். விசாவிலிருந்து கிரீன் கார்டுக்கு மாறிய தேதி ஒரு துறையில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பதிவாக வேண்டியவர் விடுபடலாம், விலக்குப் பெற்ற விசாக்காரர் உள்ளே வந்துவிடலாம். தானாகவே நடந்தாலும் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. பெயரோ முகவரியோ தவறாக இருந்தால் எழுதித் திருத்துங்கள்.

சென்னையிலும் கோவையிலும் இருந்து இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று. அப்பாவின் வேலைக் காலத்தில் அமெரிக்காவில் பிறந்து, இரண்டு மூன்று வயதில் ஊர் திரும்பி வளர்ந்த மகன் உங்கள் வீட்டில் இருக்கலாம். கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் அவன் எங்கே வசித்தாலும் இந்தச் சட்டம் அவனுக்கும் பொருந்தும். வெளிநாட்டு முகவரியைக் கொடுத்து இணையத்திலேயே பதிவு செய்யலாம். சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால் தபாலில் படிவம் அனுப்ப வேண்டும். மேற்படிப்புக்கு இங்கே வந்து, பிறகு அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை கேட்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அவனுக்குப் பதினெட்டு ஆகும் மாதத்திலேயே, பாஸ்போர்ட் புதுப்பிக்கும் வேலையோடு இதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.