பாலிஷ் போட்டால் பெயின்ட் குறையும்

போன மாதம் ஒருவர் தன் சிவப்புக் காரை எங்கள் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். சில வருடங்களாக வெயிலிலேயே கிடந்த வண்டி. கூரையும் டிக்கியும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தது போல வெளிறிக் கிடந்தன. பானெட் மட்டும் பளபளத்தது. ஆனால் அதன் நடுவில் ஓடும் மடிப்பு நெடுக, ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பே இல்லை. சாம்பல் நிற ப்ரைமர் எட்டிப் பார்த்தது.

"நானே வீட்டில மெஷின் வச்சு பாலிஷ் போட்டுப் பார்த்தேன் சார். நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் பேட் செவப்பாச்சு, அழுக்கை நல்லா எடுக்குதுன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழுக் கதையும் இருக்கிறது. நிறத்துக்கு மேல் நிறமற்ற மேல்பூச்சு, அதாவது க்ளியர் கோட் உள்ள வண்டியில், மெஷின் முனையில் மாட்டித் தேய்க்கும் பேட்டில் நிறம் ஏறினால், அது அழுக்கு இல்லை. வண்டியின் பெயின்ட்டேதான். அந்த நொடியில் மெஷினை அணைத்திருந்தால்கூட க்ளியர் போனது போனதுதான், ஆனால் ப்ரைமர் வரை போயிருக்காது.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. தொழிலுக்கு வந்த முதல் வருடம் நானே ஒரு கறுப்பு வண்டியின் கதவு ஓரத்தை இப்படித் தேய்த்துத் தின்றிருக்கிறேன். முதலாளி திட்டவில்லை. அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடித்து முடிக்கிற வரை என்னைப் பக்கத்திலேயே நிற்க வைத்தார். ஓரத்தில் ஒரு அங்குலம் போனாலும் கதவு முழுவதையும் அடிக்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

வீட்டில் செய்யவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பொறுமை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் பாலிஷ் என்பது எதையோ பூசி மினுக்கும் வேலை என்று நினைத்து இறங்காதீர்கள். அது மெல்லச் சுரண்டி எடுக்கும் வேலை.

எவ்வளவு இருக்கிறது சுரண்ட? கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட், ப்ரைமரிலிருந்து மேல்பூச்சு வரை எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் வருவது ஒரு மைக்ரான். இதில் மேலே இருக்கும் நிறமற்ற க்ளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் பக்கம் வரும். அதாவது உங்கள் கையில் இருக்கும் மூலதனம், ஒரு முடியின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரை நிறத்துக்குப் போகவிடாமல் தாங்குவதும் அதே க்ளியர்தான். அதனால் அதைப் பூராவும் செலவழிக்கவும் முடியாது.

கீறல் என்பது அந்த க்ளியரில் விழுந்த ஒரு சின்னப் பள்ளம். பாலிஷ் பள்ளத்தை நிரப்புவதில்லை. அக்கம்பக்கத்து மேட்டை இறக்கி, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் அவ்வளவு ஆழத்துக்கு எல்லாவற்றையும் இறக்க வேண்டும். இது மனதில் பதிந்துவிட்டால், எந்தக் கீறலோடு மல்லுக்கட்டலாம், எதை விட்டுவிடலாம் என்று கை தானாகவே சொல்லும்.

சரி, எங்கே தொடங்குவது? காம்பவுண்ட் (கரடுமுரடான பாலிஷ்) டப்பாவை மூடி வையுங்கள். முதலில் வண்டியைக் கழுவுங்கள். நிழலில், வண்டியின் சூடு ஆறிய பிறகு. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி. வெயிலிலோ விளக்கு வெளிச்சத்திலோ பார்த்தால், ஒளி பட்டு மின்னும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போலத் தெரிகிறதே, அந்த நுண்கீறல்களில் பெரும்பங்கு மண் ஒட்டிய துணியால் கழுவியதிலும் துடைத்ததிலும் வந்ததுதான். காய்ந்த தூசியைத் துணியால் தட்டித் துடைப்பவர்கள் தினமும் கொஞ்சம் மணல் காகிதம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிக் காய்ந்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் வழவழப்பாகத் தோன்றிய இடம், பைக்குள்ளிருந்து தடவினால் ரவை கொட்டியது போல நறநறக்கும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள், தார்ப் புள்ளி, மரத்துப் பிசின், காய்ந்த பூச்சி என்று பெயின்ட்டில் பதிந்து கிடப்பவை அவை. ஷாம்பூவுக்கு இவை அசையாது.

இரும்புத் துகளுக்கென்று ஒரு திரவம் உண்டு. தெளித்துச் சில நிமிடங்களில் வெள்ளை வண்டியின் மேல் ஊதா நிறத்தில் சொட்டுச் சொட்டாக வழியும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். துகளோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது, பெயின்ட் கரையவில்லை. அழுகிய முட்டை வாடைக்குத் தயாராக இருங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், காயவிடாமல் கழுவிவிடுங்கள்.

மீதிக்கு க்ளே. பிள்ளைகள் விளையாடும் களிமண் போலவே இருக்கும். ஒரு சிறு துண்டைத் தட்டையாக்கி, அதற்கான வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தமில்லாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். தொடக்கத்தில் சரசரவென்று சத்தம் கேட்கும், கையில் பிடிப்புத் தெரியும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, கண்ணாடி மேல் போவது போல வழுக்கும். அப்போது க்ளேயைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பாக, கரும்புள்ளிகளோடு இருக்கும். அதை உள்ளே மடித்துப் புதுப் பரப்பை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். க்ளே தரையில் விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தலாமா என்று என்னிடம் கேட்காதவர்களே இல்லை. கூடாது. தரையில் இருந்த மணல் இப்போது அதற்குள் இருக்கிறது. தூக்கிப் போடுங்கள்.

என்னிடம் 'பாலிஷ் போடணும்' என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இந்தக் கட்டத்திலேயே பாதி உயிர் பெற்றுவிடும். வாக்ஸ் போட்டு அனுப்பினால் வண்டிக்காரர் திருப்தியாகப் போவார். உங்களுக்கும் இங்கேயே போதும் என்று பட்டால் நிறுத்திவிடுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை.

இல்லை, இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்றால், இப்போதுதான் பெயின்ட்டை உண்மையில் பார்க்க முடியும். கை விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். சூரியக் காங்கை பட்டது போல, திட்டுத் திட்டாக வெளுத்து, ஓரத்தில் தோல் உரிவது போலத் தெரிகிறதா? அது க்ளியர் செத்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது, தேய்க்கத் தேய்க்கத் திட்டு பெரிதாகும். அந்தப் பகுதிக்கு மறுபெயின்ட் ஒன்றுதான் வழி. உரியவில்லை, சீராக மங்கியிருக்கிறது, நிறையச் சிலந்தி வலை என்றால் நம்பிக்கை உண்டு. தனிக் கீறல்களை நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் தட்டி நின்றால் அது பாலிஷுக்கு மிஞ்சிய ஆழம். அதோடு சமாதானமாகிவிடுங்கள். ஒற்றைக் கீறலைத் துரத்திப் போய்த்தான் பலர் பெயின்ட்டைத் தொலைக்கிறார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். க்ளியர் கோட் 1980களில்தான் பரவலாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளிலும், பின்னால் வந்த சிலவற்றிலும், நிறமும் மினுக்கும் ஒரே பூச்சில் இருக்கும். அவற்றில் தேய்த்த முதல் நொடியிலிருந்தே துணியில் நிறம் வரும். அது இயல்பு. முதலில் வெள்ளையாக வந்து, நடுவில் திடீரென்று நிறம் ஏறினால்தான் ஆபத்து. மறைவான ஒரு மூலையில் கொஞ்சம் பாலிஷைக் கையால் தேய்த்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். மேட் ஃபினிஷ், அதாவது மினுக்கே இல்லாத பெயின்ட் வண்டி என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். பாலிஷ் பட்ட இடம் மட்டும் மினுங்கி அசிங்கமாகும்.

மெஷினுக்கு வருவோம். அந்தச் சிவப்புக் கார்க்காரர் இரவல் வாங்கியது ரோட்டரி. ஒரே அச்சில் சுழலும், ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும். எங்கள் பட்டறையில்கூட எல்லோர் கையிலும் அதைக் கொடுப்பதில்லை. புதியவர்களுக்கு டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷின்தான். அது சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும், அதிகம் அழுத்தினால் சுழற்சி நின்றுபோகும். இந்த 'நின்றுபோகும்' குணம்தான் உங்களைக் காப்பாற்றுவது. பேட்டின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி. கையால் செய்கிறவர்கள் நுண்கீறல்களை முழுக்க எடுக்க முடியாது, ஆனால் மங்கலைக் குறைக்கலாம், ஆபத்தும் குறைவு.

விளிம்புகள், மடிப்புகள், கைப்பிடி ஓரம், ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மேடான இடங்களில் பெயின்ட் பெரும்பாலும் மெல்லியது. போதாததற்கு, சமதளத்தில் பேட் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் அழுத்தம் அங்கே ஒரு கோட்டின் மேல் இறங்கும். பானெட்டின் நடு மடிப்பு போனது அப்படித்தான். ஒரு அரை மணி டேப் ஒட்டியிருந்தால் தப்பித்திருக்கும்.

பிறகு ஒரு பரிசோதனைச் சதுரம், ஒரு முழத்துக்கு ஒரு முழம் போதும். மென்மையான பேட், மென்மையான பாலிஷ் இரண்டையும்தான் முதலில் எடுக்க வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் கடினமான காம்பவுண்ட் கடைசி ஆயுதம். பேட்டில் பட்டாணி அளவுக்கு நாலைந்து சொட்டு விட்டு, மெஷினை ஓடவிடாமல் முதலில் ஒற்றிப் பரப்புங்கள். இல்லாவிட்டால் பாலிஷ் உங்கள் சட்டையில்தான் இருக்கும். மெதுவான வேகத்தில் ஒரு சுற்று, அப்புறம் வேகத்தைக் கூட்டி நெடுக்கிலும் குறுக்கிலும் நாலைந்து சுற்று. ஒவ்வொரு கோடும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். கை நகரும் வேகம் நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். இந்த மெதுவுதான் புதியவர்களுக்குக் கஷ்டம், எல்லோரும் தரை துடைப்பது போல வீசுவார்கள். அவ்வப்போது புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடென்றால் நிறுத்துங்கள். பம்பரில் இன்னும் கவனம் தேவை. அது பிளாஸ்டிக், தகடு மாதிரி சூட்டைப் பரவவிடாது.

ஒரு சதுரம் முடிந்ததும் பேட்டைத் துலக்குங்கள். தேய்ந்த க்ளியரும் காய்ந்த பாலிஷும் ஏறிய பேட் புதுக் கீறல் போடும். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 10 முதல் 20 சதவீதம் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். இதை விட்டுவிட்டால் ஏமாந்துபோவீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களுக்குள் உட்கார்ந்து அவற்றை மறைக்கும். ஆகா வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, நாலு முறை கழுவியதும் எல்லாம் திரும்பி வரும். டூத்பேஸ்ட் 'வேலை செய்கிறது' என்று சொல்பவர்களிடமும் பாதிக் கதை இதுதான். அதிலும் உராய்பொருள் இருக்கிறது, ஆனால் பெயின்ட்டுக்காக அளந்து வைத்ததில்லை. டீசல் போட்டுத் துடைப்பதும் எண்ணெய் மினுக்குதான். மணல் காகிதம் பற்றிக் கேட்டால், தடிமன் பார்க்கும் மீட்டர் கையில் இல்லாத யாருக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். மீட்டரும் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், க்ளியர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது.

பரிசோதனைச் சதுரம் திருப்தியாக இருந்தால் அதே கூட்டணியை வண்டி முழுவதற்கும் கொண்டுபோங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். சோர்ந்த கைதான் ஓரங்களை மறக்கும்.

முடித்ததை மூடாமல் விடக்கூடாது. வாக்ஸ் சில வாரம் முதல் சில மாதம் வரை நிற்கும், சீலன்ட் எனும் செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு இன்னும் கொஞ்சம் அதிகம். கெட்டியாக இறுகிப் பிடிக்கும் செராமிக் கோட்டிங்கை முதல் முயற்சியில் நான் சிபாரிசு செய்வதில்லை. அடியில் என்ன குறை இருந்தாலும் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும், தப்பாகக் காய்ந்தால் மறுபடியும் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கவர் போடுகிறவர்கள் தூசி படிந்த வண்டி மேல் போடாதீர்கள், காற்றில் கவர் ஆடி ஆடி நீங்கள் எடுத்த கீறலையெல்லாம் திரும்பப் போட்டுவிடும்.

அந்தச் சிவப்புக் காருக்கு பானெட்டை மட்டும் மறுபெயின்ட்டுக்கு அனுப்பினோம். மீதியைத் தானே செய்ய முடியுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். டிக்கியில் ஒரு சதுரம் டேப் ஒட்டி, டி.ஏ. மெஷினைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். சுற்றை முடித்துத் துடைத்ததும் சுண்ணாம்பு போய் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கீறல் மட்டும் அப்படியே இருந்தது. மெஷினை மறுபடி தூக்கப் போனவர், நகத்தால் ஒருமுறை வருடிப் பார்த்தார். தட்டியது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு, டேப்பை உரித்துப் பக்கத்துச் சதுரத்துக்கு ஒட்ட ஆரம்பித்தார்.