குரல் மாடலின் உரிமத்தைத் தனியாகப் படியுங்கள்

எழுத்தை வாசித்துக் காட்டும் குரல் மாடலைத் தேடுபவர்கள், அதன் நிரல் இருக்கும் கிட்ஹப் பக்கத்தில் எம்ஐடி (வணிகத்துக்கும் அனுமதி தரும் உரிமம்) என்று கண்டதும் குரலைச் செயலியில் சேர்த்துவிடுகிறார்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரம்தான் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்ற வரி கண்ணில் படுகிறது. இது எத்தனையாவது முறை!

நிரலுக்கு ஓர் உரிமம், பயிற்சி பெற்ற மாடலுக்கு இன்னொன்று. எஃப்5-டிடிஎஸ் என்ற குரல் கருவியின் நிரல் எம்ஐடி. அதன் மாடல் கோப்பையோ வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, பயிற்சிக்கு எடுத்த ஒலித்தரவின் உரிமம் அப்படி. கோக்கி நிறுவனத்தின் குரல் நிரல் நூலகம் எம்பிஎல் 2.0, அதுவும் வணிகத்தை அனுமதிக்கும் உரிமம். அதே நிறுவனத்தின் எக்ஸ்டிடிஎஸ் மாடலுக்குத் தனி உரிமம், அதிலும் வணிகத் தடை. 2024 தொடக்கத்தில் நிறுவனமே மூடப்பட்டதால் வணிக உரிமத்துக்கு அங்கே போய் நிற்கவும் முடியாது. மெட்டாவின் எம்எம்எஸ் குரல்கள், தமிழ் உட்பட, இதே வகை. கோக்கோரோ என்ற மாடலின் உரிமம் அப்பாச்சி 2.0, அதில் இந்தத் தடை இல்லை.

“சர்வரில்தானே ஓடுகிறது, யாருக்கும் கொடுக்கவில்லையே” என்பார்கள். அந்த வாதம் ஜிபிஎல் என்ற உரிமத்துக்குச் செல்லும், ஏனென்றால் மூல நிரலையும் தர வேண்டும் என்ற அதன் நிபந்தனை விநியோகத்தைப் பற்றியது. வணிகத் தடை பயன்பாட்டையே கட்டுப்படுத்துவது. மாடல் எங்கே ஓடினாலும் தடை தடைதான்.

ஜிபிஎல்லும் எதிர்பாராத இடத்திலிருந்து வரும். எழுத்தை ஒலியன்களாக்க (உச்சரிப்பு அலகுகளாக்க) பல கருவிகள் ஈஸ்பீக் என்ஜி என்ற நிரலை அழைக்கின்றன. அது ஜிபிஎல் 3. மூடிய செயலியோடு அதைப் பிணைத்துக் கைபேசிக்கு அனுப்புமுன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பைப்பர் என்ற குரல் கருவியின் பழைய நிரல் களஞ்சியம் எம்ஐடி, இப்போது வளர்வது ஜிபிஎல். பைப்பர் குரல் ஒவ்வொன்றோடும் ‘மாடல் கார்டு’ என்ற கோப்பு வரும். அதில் தரவின் உரிமத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். எந்தக் குரலின் மேல் பயிற்சி தொடர்ந்தது என்பதையும் பாருங்கள், பல குரல்களுக்கு அடித்தளம் ஆராய்ச்சிக்கு மட்டும் தரப்பட்ட தரவு.

குரல் கீச்சிட்டால் மாடலைத் திட்டாதீர்கள். சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற எண்) 22050 ஹெர்ட்ஸ் உள்ள ஒலியை 44100 என்று இயக்கினால் இரட்டை வேகத்தில்தான் ஓடும். சாம்பிள் ரேட்டை மாடலோடு வரும் ஜேசன் (அமைப்பு விவரக்) கோப்பிலிருந்து எடுங்கள், நிரலில் எண்ணாக எழுதிவைக்காதீர்கள்.

எண், தேதி, சுருக்கெழுத்து எல்லாவற்றையும் முன்பே சொற்களாக விரித்துக் கொடுங்கள். எம்எம்எஸ் போல எழுத்தை நேரடியாக வாங்கும் மாடல்கள், தங்கள் பட்டியலில் இல்லாத குறியைப் பிழைச்செய்தி இல்லாமலே விட்டுவிடும். தொகையோ மருந்தளவோ வாசிக்கும் செயலியில் இது ஆபத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சில விநாடி ஒலியிலிருந்தே ஒருவர் குரலை நகலெடுக்கலாம். எந்தச் செயலிக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதோடு அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், தயவுசெய்து.