வெளித்திருத்தி: எக்ஸ்டர்னல் எடிட்டரைத் தமிழில் சொல்வது எப்படி?

யூனிட்டி என்ற மென்பொருளில் விளையாட்டு நிரல் எழுதுகிறவர் பிழைச் செய்தியை இருமுறை சொடுக்குகிறார். அடுத்த நொடி வேறொரு மென்பொருள் திறந்து, பிழை உள்ள வரியில் சுட்டியை நிறுத்துகிறது. நிரலை ஓட்டுவதும் பிழையைக் கண்டுபிடிப்பதும் யூனிட்டியின் வேலை. எழுதும் இடம் மட்டும் வெளியே இருக்கிறது. இப்படி ஒரு மென்பொருள் உருவாக்கச் சூழல், எழுதும் வேலைக்காகத் தனக்கு வெளியே இருந்து அழைத்துக்கொள்ளும் கருவிக்கு எக்ஸ்டர்னல் எடிட்டர் என்று பெயர். அதைச் சூழலோடு பொருத்தி வைப்பதை ஆங்கிலத்தில் இன்டகிரேஷன் என்கிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் எடிட்டர் என்ற சொல்தான் அதிகத் தொல்லை கொடுக்கிறது. மற்றவை பின்னால் வரட்டும்.

எடிட்டர் இலத்தீன் சொல். வெளியே என்ற பொருளுள்ள 'எக்ஸ்' முன்னொட்டும், கொடுத்தல் என்ற வினையும் சேர்ந்தது. வெளியே தருபவர், அதாவது வெளியிடுபவர். உரோமாபுரியில் தம் பொறுப்பில் வாட்போர்க் காட்சிகளை நடத்தி ஊருக்குக் காட்டிய பெரிய மனிதரையும் இதே சொல்லால்தான் அழைத்தார்கள். ஆங்கிலத்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் புத்தகம் வெளியிடுபவர் என்ற பொருளோடு வந்து, அடுத்த நூற்றாண்டில் பிறர் எழுத்தைச் செப்பம் செய்து அச்சுக்கு அனுப்புபவர் என்று மாறியது. 'எடிட்' என்ற வினை அந்தப் பெயரிலிருந்து பிறகு முளைத்ததுதான். வேரைப் பார்த்தால் எக்ஸ்டர்னல் எடிட்டர் என்ற தொடரில் 'வெளி' இரண்டு முறை இருக்கிறது. ஆங்கிலேயர் யாரும் இதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கணினிக்கு இந்தச் சொல் 1960-களில் குடிவந்தது. 1969-இல் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய எடிட்டரின் பெயரே 'எட்'. அன்றைய முனையங்கள் பலவற்றில் திரை கிடையாது; தட்டுவதெல்லாம் தாளில் அச்சாகும். ஏழாவது வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, அந்த வரியை அச்சிடு என்று கட்டளை கொடுக்க வேண்டும். 1976 வாக்கில் பில் ஜாய் எழுதிய 'எக்ஸ்' எடிட்டரில், கோப்பைத் திரையில் விரித்துக் காட்டும் 'விஷுவல்' என்றொரு நிலை இருந்தது. அதன் முதல் இரண்டு எழுத்துகளே பிற்பாடு 'விஐ' என்ற தனிப்பெயர் ஆயின. தாள் காலமும் திரைக் காலமும் லினக்ஸில் இன்றும் அருகருகே வாழ்கின்றன. அங்கே எந்த எடிட்டரை அழைப்பது என்பதைக் குறித்துவைக்கும் சூழல்மாறிகள் இரண்டு: ஒன்றின் பெயர் எடிட்டர், மற்றதன் பெயர் விஷுவல். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள், தனக்கென்று தனியாக ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் விஷுவல், அதுவும் இல்லையென்றால் எடிட்டர், எதுவுமே இல்லையென்றால் விஐ. முதன்முறை கிட் பயன்படுத்தும் மாணவர் விஐ-க்குள் மாட்டிக்கொண்டு வெளியேற வழி தெரியாமல் விழிப்பது இந்த வரிசையின் கடைசிப் படியில்தான்.

இனித் தமிழ். மனிதராக இருக்கும் எடிட்டருக்கு நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. பத்திரிகைக்கு ஆசிரியர், பழைய சுவடியை அச்சுக்குக் கொண்டுவருபவர் பதிப்பாசிரியர், திரைப்படத்துக்குப் படத்தொகுப்பாளர். முந்தைய தலைமுறை பத்திராதிபர் என்றும் எழுதியது. மலையாளத்தில் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருப்பதால், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்காரர்களுக்கு அது அன்னியமாகத் தோன்றாது. ஆனால் இவை எல்லாம் ஆட்களின் பெயர்கள். கருவிக்கு ஆசிரியர் என்று பெயர் வைக்க முடியாது.

கருவிக்கு இப்போது புழங்குபவை உரைத்தொகுப்பி, உரைபதிப்பி, உரைதிருத்தி. இவற்றில் பதிப்பி இலத்தீன் வேருக்கு மிக நெருக்கம், வேலைக்கு மிகத் தொலைவு. விஐ-யின் வழிவந்த விம் எதையும் பதிப்பிப்பதில்லை. அதைத் தள்ளிவிடலாம். போட்டி தொகுப்பிக்கும் திருத்திக்கும்தான்.

தொகுப்பி பரவியதற்குக் காரணம் தமிழ் விக்கிப்பீடியா என்பது என் ஊகம். அங்கே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'தொகு' என்ற பொத்தான் இருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் பலர் சேர்ந்து செய்திகளைச் சேர்ப்பதால் அங்கே அது ஓரளவு பொருந்தும். உருவாக்கச் சூழலுக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தால் சிக்கல் வருகிறது. ஏனென்றால் எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும் நம் கலைச்சொல் பட்டியல்களில் தொகுப்பி என்றே எழுதியிருக்கிறார்கள். எடிட்டரும் கம்பைலரும் ஒரே சாளரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இடம் உருவாக்கச் சூழல். அங்கே 'தொகுப்பியில் பிழை' என்று ஒரு செய்தி வந்தால், எழுதும் கருவி கெட்டுவிட்டதா, எழுதிய நிரல் தவறா என்று தெரியாது. மாணவருக்கு இது பெரிய குழப்பம்.

இருவரில் ஒருவர்தான் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியும் என்றால், உரிமை கம்பைலருக்கே. கிரேஸ் ஹாப்பர் 1950-களின் தொடக்கத்தில் யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற நிரலை எழுதியபோது, அது செய்த வேலையே தொகுத்தல்தான். காந்த நாடாவில் கிடந்த சிறு துணைநிரல்களை எண் சொல்லி அழைத்து, வரிசையாகச் சேர்த்து, ஒரு முழு நிரலாக்கித் தந்தது. அதனால்தான் அதற்குக் கம்பைலர் என்ற பெயர். தமிழிலும் தொகு என்பதன் பழைய பொருள் இதுவே. வழிநூல் எப்படியெல்லாம் பிறக்கும் என்று சொல்லும் தொல்காப்பிய மரபியல், 'தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்று நான்கை எண்ணுகிறது. அங்கே தொகுத்தலும் மொழிபெயர்த்தலும் தனித்தனி வகைகள். இன்றைய கம்பைலரோ இரண்டையும் செய்கிறது. சங்க நூல்களைப் பாருங்கள்: ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் சேரமன்னர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. சிதறிக் கிடந்ததை ஒன்றுசேர்த்த வேலை அது. ஒரு கோப்பில் ஓர் எழுத்தை அழித்து இன்னோர் எழுத்தைப் போடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

திருத்திக்கு வருவோம். திருந்து என்பது தானே சீராவது. திருத்து என்பது ஒன்றைச் சீராக்குவது. மலையாள விக்கிப்பீடியாவைத் திறந்தால், நாம் 'தொகு' என்று வைத்திருக்கும் அதே இடத்தில் 'திருத்துக' என்று இருக்கும். களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்து மென்பொருள் நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறவர்கள். அவர்களிடம் கேட்டால் மலையாளத்தார் தேர்ந்ததே இயல்பாக இருக்கிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான்.

திருத்தி என்றால் தவறைச் சரிசெய்வது மட்டும்தானே, புதிதாக எழுதுவது அதில் வருமா என்று ஓர் எதிர்வாதம் உண்டு. விடைத்தாள் திருத்துவதை மட்டும் நினைத்தால் அப்படித் தோன்றும். மலையோரத்தில் காடு கிடந்த இடத்தை ரப்பர் தோட்டமாக்கியவர்கள் நிலம் திருத்தினார்கள் என்றுதான் சொல்கிறோம். வெட்டுவது, நிரவுவது, நடுவது எல்லாம் அதில் அடக்கம். சொல் குறுகியது அன்று.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. 'திருத்தி' என்பது வினையெச்சமும்கூட. 'கோப்பைத் திருத்தி சேமித்தது' என்று எழுதினால், திருத்திய பிறகு சேமித்ததா, திருத்தி என்ற கருவி சேமித்ததா? வல்லினம் மிகுந்தால் ஒன்று, மிகாவிட்டால் மற்றொன்று என்று இலக்கணம் சொல்லித் தப்பலாம். எத்தனை பேர் ஒற்றைச் சரியாகப் போடுகிறார்கள்? ஆகவே கருவியைக் குறிக்கும்போது தனியாக விடாமல் உரைதிருத்தி, வெளித்திருத்தி என்று முன்சொல்லோடு சேர்த்தே எழுதுவது நல்லது. அப்போது குழப்பம் பெரும்பாலும் போய்விடும்.

எக்ஸ்டர்னல் என்பதற்குப் புற, அயல், வெளி மூன்றும் சொல்லிப் பார்த்தேன். புறத்திருத்தி என்றால் வெளித்தோற்றத்தைத் திருத்துவது போல ஒலிக்கிறது. அயல் என்பதில் அன்னியம் தூக்கலாக இருக்கிறது. வெளி போதும். வெளியாளிடம் எழுத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் பழக்கத்துக்கு எங்கள் மண்ணில் ஒரு பழைய பெயரும் உண்டு. தொல்காப்பியர் தம் நூலைப் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானிடம் 'அரில்தபத் தெரிந்து' காட்டினார் என்கிறது அதன் சிறப்புப் பாயிரம். அரில் என்பது குற்றம். தப என்றால் நீங்க. விளவங்கோட்டுப் பகுதியில் உள்ள அதங்கோடுதான் அந்த ஆசானின் ஊர் என்று மாவட்டத்தார் உரிமை கொண்டாடுகிறோம். ஆசான் என்ற சொல் வர்மம் கற்பிப்பவரைக் குறித்து இன்றும் இங்கே புழக்கத்தில் இருக்கிறது. ஆசை இருந்தாலும் மென்பொருளுக்கு அந்தப் பெயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசான் குற்றம் கண்டு சொல்பவர்; விம் நாம் தட்டுவதை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

இன்டகிரேஷனுக்கு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருங்கிணைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். உருவாக்கச் சூழலின் முழுப்பெயரான 'இன்டகிரேட்டட் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்' என்பதில் இருக்கும் 'இன்டகிரேட்டட்' என்பதற்கு அது சரி. 1983-இல் வந்த டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்க மென்பொருள் உரைதிருத்தியையும் கம்பைலரையும் ஒரே நிரலுக்குள் வைத்தது. பிழை வந்தால் அதே திரையில் அந்த இடத்துக்கே போய் நின்றது. அது ஒருங்கிணைந்த சூழல். வெளித்திருத்தியைச் சேர்ப்பதில் அப்படி எதுவும் ஒன்றாவதில்லை. இரண்டு தனி நிரல்கள் தனித்தனியாகவே ஓடுகின்றன. நடுவில் சில செய்திகள் மட்டும் போய்வருகின்றன. அதற்கு இணைப்பு போதும்.

அந்த இணைப்பில் போய்வருவது என்ன என்று பார்த்தால் சொல்லின் எல்லையும் தெரியும். சிறு மின்னணுப் பலகைகளுக்கு நிரல் எழுத உதவும் ஆர்டுயினோ சூழலின் பழைய 1-ஆம் பதிப்பு வரிசையில் விருப்பத்தேர்வுகளுக்குள் 'வெளி எடிட்டரைப் பயன்படுத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறியிட்டால் ஆர்டுயினோ தன் எழுதுமிடத்தைப் பூட்டிக்கொள்ளும். வாசிக்கலாம், எழுத முடியாது. நிரலைச் சரிபார்க்கச் சொல்லும்போது வட்டிலிருந்து கோப்பைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் பொதுவாக இருந்தது கோப்பு ஒன்றுதான். ஒரே கோப்பில் இருவர் எழுதினால் யார் எழுதியது நிற்கும் என்ற தகராறே வராது. மிக எளிய இணைப்பு இது. குறைந்த செலவில் நன்றாகவே நடந்தது.

கிட் இன்னொரு செய்தியையும் எதிர்பார்க்கிறது: எழுதி முடித்தாகிவிட்டதா? செய்த மாற்றத்தைப் பற்றிக் குறிப்பு எழுதுவதற்காகத் திருத்தியை அழைத்துவிட்டு, அது மூடும் வரை காத்திருக்கும். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற உரைதிருத்தி, அழைத்த உடனே 'வந்துவிட்டேன்' என்று திரும்பிவிடும் பழக்கமுள்ளது. சாளரம் திறந்தே இருக்கும்போது, கிட் வேலை முடிந்ததாக எண்ணி, குறிப்பு காலியாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடும். அழைக்கும் கட்டளையோடு 'வெயிட்' என்ற தெரிவைச் சேர்த்தால் சரியாகிவிடும். "அண்ணே, நான் எழுதுவதற்கு முன்னாலேயே அது கோபித்துக்கொள்கிறது" என்று தக்கலைப் பையன் ஒருவன் கேட்டது இதைத்தான்.

மூன்றாவது செய்தி இடம்: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, வரியில் எத்தனையாவது எழுத்து. கோடோ விளையாட்டுச் சூழலில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி இடக்குறிகள் உண்டு. அமைப்பில் ஒருமுறை எழுதி வைத்தால் அழைக்கும்போது தானே நிரப்பிக்கொள்ளும். வரியெண்ணில் வம்பில்லை. எழுத்தெண்ணில்தான் தமிழனுக்கு வம்பு. பைத்தான் மொழியில் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். வரியின் தொடக்கத்தில் 'கன்னியாகுமரி' என்று மாறியின் பெயரை எழுதி, இடம் விடாமல் சமக்குறி போடுங்கள். நம் கணக்கில் க, ன், னி, யா, கு, ம, ரி என்று ஏழு எழுத்து, சமக்குறி எட்டாவது. யூனிகோடு கணக்கில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனி என்பதால் பன்னிரண்டு குறிகள், சமக்குறி பதின்மூன்றாவது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு, ஆக 36. சமக்குறி 37-ஆவது பைட்டு. சூழல் குறிகளை எண்ணிப் '13' என்று அனுப்ப, விம் அதைப் பைட்டாக எடுத்துக்கொண்டால் சுட்டி சமக்குறிக்குப் போகாது. 'னி' என்ற எழுத்தில் போய் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு மூன்று கணக்கும் ஒன்றாகவே வருவதால் அவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. உரைதிருத்திகளும் மொழிக் கருவிகளும் பேசிக்கொள்வதற்காக 2016-இல் அறிவிக்கப்பட்ட மொழிச் சேவையக நெறிமுறையிலும் எண்ணிக்கை யூடிஎஃப்-16 என்ற வேறொரு குறியீட்டு முறையின் அலகில்தான் இருந்தது. வேறு கணக்கைப் பேசி முடிவு செய்யும் வழி 3.17-ஆம் பதிப்பில்தான் வந்தது.

கடைசியாகச் சூழலின் பெயரில் இருக்கும் 'டெவலப்மென்ட்'. வளர்ச்சிச் சூழல் என்று எழுதுகிறார்கள். ஐந்தாண்டுத் திட்ட வாடை அடிக்கிறது. வளர்ச்சி தானாக நடப்பது, தென்னங்கன்றுக்கு உரியது. நிரலை யாராவது உட்கார்ந்து உருவாக்க வேண்டும். எனவே ஒருங்கிணைந்த உருவாக்கச் சூழல் என்பேன். கட்டுரையிலோ பாடக்குறிப்பிலோ எழுத நேர்ந்தால், 'உருவாக்கச் சூழலோடு வெளித்திருத்தியை இணைத்தல்' என்று எழுதலாம். நிரலில் தமிழ் இருந்தால், இணைக்கும்போது கோப்பின் பெயரையும் வரியெண்ணையும் மட்டும் அனுப்புங்கள், எழுத்தெண்ணை விட்டுவிடுங்கள். சுட்டி வரியின் தொடக்கத்தில் நிற்கும். அங்கிருந்து சமக்குறிக்குப் போக விம்மில் இரண்டு தட்டு ஆகும், அவ்வளவுதான்.