அப்பாவின் கடிதங்கள் கெட்டுவிட்டனவா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டுக் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன், தண்டர்பேர்ட் மென்பொருளில் இருந்த மின்னஞ்சல்களைப் பென் டிரைவில் படியெடுத்து வைத்தாராம். பின்னர் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தபோது, ஆங்கில வரிகள் எல்லாம் சரியாகத் தெரிந்தன. மறைந்த தந்தை தமிழில் எழுதிய கடிதங்கள் இருந்த இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் பொருளின்றிக் குவிந்து கிடந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு குவியலும் '4கே6எஃப்' என்றே தொடங்கியதைக் கண்ட கடைக்காரர், இது வைரஸ், கோப்பை அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். "கடிதங்கள் கெட்டுவிட்டனவா?" என்பதுதான் கேள்வி.

கெடவில்லை. ஒரே போலத் தொடங்குவது வைரஸின் அடையாளமும் அன்று. அவருடைய தந்தை அந்தக் கடிதங்களை 'அ' என்ற எழுத்தில், பெரும்பாலும் 'அன்புள்ள' என்று, தொடங்கியிருக்கிறார் என்பதற்கே அது அடையாளம். அதை நான் எப்படி அறிந்தேன் என்பதைச் சொன்னால், எதைப் படியெடுக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதும் தானே விளங்கிவிடும்.

நம் திரையில் பட்டியலாகத் தெரியும் மின்னஞ்சல்களைத் தண்டர்பேர்ட், வழக்கமான அமைப்பில், தனித்தனிக் கோப்புகளாக வைப்பதில்லை. ஓர் அஞ்சற்பெட்டிக்கு ஒரு கோப்பு. 'இன்பாக்ஸ்' என்ற பெயருடைய, பின்னொட்டு எதுவும் இல்லாத, நீண்ட உரைக் கோப்பு. புதிய அஞ்சல் வந்தால் அதன் கடைசியில் ஒட்டப்படுகிறது. 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரியே ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் இடையிலுள்ள வேலி. யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்திலிருந்து வரும் இந்த வடிவத்துக்கு எம்பாக்ஸ் என்று பெயர். பக்கத்திலேயே அதே பெயரில் எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இருக்கும் சிறு கோப்பு வெறும் அட்டவணை. அது தொலைந்தால் தண்டர்பேர்ட் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். காக்க வேண்டியது பின்னொட்டு இல்லாத கோப்பைத்தான்.

இனி அந்த '4கே6எஃப்'.

மின்னஞ்சலைக் கணினிக்குக் கணினி கடத்தும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள். கணினி எதையும் 0, 1 என்ற பிட்டுகளாகவே எழுதும்; எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டுகள் போதும். ஒரு பைட்டின் எட்டாவது பிட்டை வழியிலுள்ள ஏதேனும் ஒரு கணினி வெட்டி எறிந்தாலும் ஆங்கிலக் கடிதத்துக்குக் குறையொன்றும் வராது. தமிழுக்கு வரும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் ஒருங்குறியின் (யுனிகோட்) யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். அந்த மூன்றிலும் எட்டாவது பிட் 1. அதை வெட்டினால் 'அ' என்ற எழுத்து ஒரு மேற்கோள் கீற்றாகவும், ஒரு முற்றுப்புள்ளியாகவும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியாகவும் சிதறிப்போகும்.

1992இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த மைம் என்னும் தரம் இதற்கொரு வழி செய்தது. படமானாலும் இசையானாலும் எந்த மொழியின் எழுத்தானாலும், முதலில் அதை 7 பிட் பாதையில் சேதமின்றிச் செல்லக்கூடிய 64 எழுத்துகளுக்குள் மாற்றி எழுதிவிடு. போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்ப மாற்றிக்கொள். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு: மொத்தம் 64. பேஸ்64 என்ற பெயர் இதனால்தான். 64 என்பது இரண்டின் ஆறாம் அடுக்கு என்பதால் ஒவ்வோர் எழுத்தும் 6 பிட்டுகளைச் சுமக்கும். மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு எழுத்துகள்.

தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட், அதற்குப் பேஸ்64இல் நான்கு எழுத்து என்று கணக்கு மிச்சமின்றிப் பொருந்துவதைக் கவனியுங்கள். யாரும் தமிழுக்காகத் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனாலும் எனக்கு இதில் அலுக்காத மகிழ்ச்சி உண்டு. 'அ' என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள் 11100000, 10101110, 10000101. இவற்றைச் சேர்த்து எழுதி ஆறு ஆறாக வெட்டினால் 111000, 001010, 111010, 000101. அதாவது 56, 10, 58, 5. பேஸ்64 அட்டவணையில் 56ஆம் இடத்தில் 4, 10இல் கே, 58இல் 6, 5இல் எஃப். தமிழ்க் குறிகள் ஒருங்குறியில் அடுத்தடுத்த இடங்களில் அமர்ந்திருப்பதால் முதல் இரண்டு எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொது. மூன்றாவது 6 ஆகவோ கூட்டல் குறியாகவோ இருக்கும். நான்காவதுதான் குறிக்குக் குறி மாறும். 'அன்புள்ள' என்ற சொல்லில் அ, ன, புள்ளி, ப, உகரக்குறி, ள, புள்ளி, ள என எட்டுக் குறிகள். ஆகவே அப்படித் தொடங்கும் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் 32 எழுத்துகள் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். வாசகி வேண்டுமானால் எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு ஏன் கடிதம் முழுவதும் இந்த ஒழுங்கு தொடர்வதில்லை? காரணம், சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம். இடைவெளிக்கு ஒரே பைட்தான். அது நுழைந்தவுடன் மூன்று மூன்றாக வெட்டும் கத்தி ஒரு பைட் தள்ளி விழுகிறது. 'அன்புள்ள' என்பதை அடுத்து வரும் 'மகளுக்கு' 4கே6 என்று தொடங்காமல் 'ஐஓசியு' என்று தொடங்குகிறது. அடுத்த இடைவெளியிலோ காற்புள்ளியிலோ கத்தி இன்னும் ஒரு பைட் தள்ளிப்போய், வடிவம் மறுபடி மாறுகிறது. மூன்றாவது ஒற்றை பைட் வந்ததும் மீண்டும் பழைய 4கே6. 'அம்மா' என்ற ஒரே சொல், கடிதத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக எழுதப்படும். நோட்பேடில் ஒரு பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால் கடிதம் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

நோட்பேடில் திறந்து பார்ப்பதால் கேடில்லை. சேமிக்கும் பொத்தானை மட்டும் அழுத்தக் கூடாது. இடையில் ஓர் எழுத்து விழுந்தாலும் கத்தி 6 பிட் விலகி, அந்தக் கடிதத்தின் எஞ்சிய பகுதி குழம்பிவிடும். அடுத்த கடிதத்துக்கு வேலி இருப்பதால் அது தப்பிக்கும்.

அழித்த கடிதங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட கோப்பின் நடுவிலிருந்து ஒரு கடிதத்தை உருவ வேண்டுமானால் அதற்குப் பின்னுள்ளவை அனைத்தையும் நகர்த்தி எழுத வேண்டும். அதனால் தண்டர்பேர்ட் உடனே உருவுவதில்லை. கடிதத்தின் தலைப்பிலுள்ள நிலைக்குறிப்பு எண்ணுடன் 8ஐச் சேர்த்துவிட்டுத் திரையிலிருந்து மறைத்துவிடுகிறது. படித்த கடிதத்தின் 0001, அழித்த பின் 0009. பெட்டியைச் சுருக்கும் வேலை நடக்கும்வரை கடிதம் கோப்பில் அப்படியே கிடக்கும், அதுவரை மீட்கலாம். பழைய கணினியை விற்பவர்களும் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கூகுள் வைத்திருக்கும்போது வீட்டில் எதற்குப் படி என்று கேட்பவர்கள் உண்டு. மின்னஞ்சலைச் சேவையகத்திலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் கணினியும் சேவையகமும் ஒன்றின் நிழல் மற்றொன்று: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நிழலைக் காப்புப்படி என்று நம்புவது என் பார்வையில் ராகுகாலம் பார்ப்பதைவிடப் பெரிய மூடநம்பிக்கை. 2011 பிப்ரவரி இறுதியில், சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் இருந்த பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் வெறுமையாயின. பல தரவு மையங்களில் படிகள் இருந்தும் பிழை அவற்றையும் தொட்டது; மின்னஞ்சலைத் திருப்பித் தந்தவை இணைப்பில்லாமல் அலமாரியில் கிடந்த காந்த நாடாக்கள். வீட்டில் அந்த நாடாவின் வேலையைச் செய்வது, படியெடுத்தவுடன் கழற்றி வைத்த பென் டிரைவ்.

செய்முறை சிறிது. தண்டர்பேர்டை முழுதும் மூடிவிட்டு அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் அதன் புரொஃபைல் கோப்புறையை அப்படியே படியெடுக்க வேண்டும்; திறந்திருக்கும்போது எடுத்தால் பாதி எழுதிய கோப்பு கிடைக்கக்கூடும். மீட்கும்போது, பின்னொட்டில்லாத கோப்பை வேறு பெயரிட்டு 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கோப்புறைக்குள் வைத்துவிட்டு மென்பொருளைத் திறந்தால் போதும். அட்டவணை தானே உருவாகும். பெயரை மாற்றாமல் வைத்தால் அங்கே ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதப்படலாம். படி சரியாக இருக்கிறதா என்பதை இப்படி ஒருமுறை மீட்டுப் பார்த்த பிறகே பழைய வட்டைத் துடைக்க வேண்டும்.

வாசகி அவ்வாறே செய்தார். கடிதங்கள் தமிழில் திரும்பிவிட்டன, 2001ஆம் ஆண்டின் இரண்டைத் தவிர. அவை ஒருங்குறி பரவுவதற்கு முந்தையவை. அப்போது தமிழ் திஸ்கி, டாப், டாம் எனப் பல குறிமுறைகளில் எழுதப்பட்டது, எந்தக் குறிமுறை என்ற குறிப்பைக் கடிதத்தில் இடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. பைட்டுகள் பழுதின்றி இருக்கின்றன, படிக்கும் சாவி மட்டும் உடன் வரவில்லை. ஓலைச்சுவடிகளை மின்னாக்கம் செய்ய நிதி ஒதுக்கும் அரசுகள், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய இந்தச் சுவடிகளுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம் என்பது என் கருத்து. இந்த இரண்டையும் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அவையும் 'அன்புள்ள' என்றுதான் தொடங்கும் என்றால், சரியான குறிமுறையைக் கண்டுபிடிக்க முதல் எட்டுக் குறிகளே போதும்.